பழைய தேசப்படங்களும் ஈழ வரலாறும்

கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, அயல்நாட்டார் குறிப்பு என வரலாற்று மூலங்களை வகைப்படுத்திக் கற்கும் நம் மாணவர், அவ்வரிசையிலே தேசப்படத்துக்கு ஓரிடம் வழங்குவது அரிது. நூலொன்றின் முகப்பிலோ இடையிலோ அழகுக்காகச் சேர்க்கப்பட்ட ஓவியமாக அது கருதப்படுகின்றது. அன்றேல், விவாதமொன்றிலே எதிராளியின் வாயை அடைப்பதற்காக ஒரு கணம் உயர்த்திக் காட்டப்பட்டு மீண்டும் மடித்து வைக்கப்படுகின்றது. இவ்விரு வழியாலும் படத்தின் உண்மைப் பயனை நாம் பெறுவதில்லை. கல்வெட்டொன்றை ஆராய்பவர் அதன் எழுத்தமைதி யாது, வெட்டுவித்தவர் யார், எந்நோக்கத்துக்காக வெட்டுவித்தார் என வினவுகின்றார். அவ்வினாக்கள் அனைத்தையும், அவற்றினும் மேலாகச் சிலவற்றையும், தேசப்படத்திடம் கேட்டாக வேண்டும். அவை எவை என்பதை இலங்கை பற்றிய பழைய படங்கள் சிலவற்றைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

இலங்கையின் மிகப் பழைய படமெனப் பலரும் சுட்டுவது தொலமியின் தப்ரபேன் படமாகும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, தமது புவியியல் நூலின் ஏழாம் பகுதியிலே ஓர் அதிகாரத்தை இத்தீவுக்கு ஒதுக்கியுள்ளார். எனினும் அவர் கையால் வரைந்த படமெதுவும் நமக்குக் கிடைத்திலது. கிடைத்திருப்பன ஊர்களினதும் ஆறுகளினதும் முனைகளினதும் பெயர்களும், அவை ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதப்பட்ட நெடுங்கோட்டு, அகலக்கோட்டு எண்களுமே. அவ்வெண்களைக் கொண்டு பைசாந்தியத் துறவிகள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் படம் வரைந்தனர். நூல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்ட பின்னர், 1477இல் பொலோனாவிலும் 1478இல் உரோமாபுரியிலும் செப்புத்தகட்டிலும், 1482இல் ஊல்ம் நகரில் மரப்பாளத்திலும் செதுக்கப்பட்டு அப்படங்கள் அச்சேறின. ஆகவே, சட்டமிட்டுச் சுவரிலே மாட்டப்பட்டுள்ள தப்ரபேன் படத்தை ‘இரண்டாம் நூற்றாண்டுப் படம்’ எனக் கூறுவார் கூற்று பாதியளவே பொருந்தும். பெயர்கள் இரண்டாம் நூற்றாண்டுக்குரியன. கோடுகள் பதினைந்தாம் நூற்றாண்டுக்குரியன. இவற்றுக்கிடையே ஏறத்தாழ 1300 ஆண்டுக்காலம் ஏடெழுதுவோர் கைகளிலே பெயர்கள் சிதைந்தும் எண்கள் திரிந்தும் வந்துள்ளன.

தொலமியின் தீவு வடமுனையிலிருந்து தென்முனை வரை ஏறக்குறைய 15 பாகை அகலக்கோட்டை அடைத்துக்கொண்டு கிடக்கின்றது. உண்மையான இலங்கையோ 4 பாகைக்கு உட்பட்டது. இதனால் படத்தின் பரப்பு நாட்டின் பரப்பைப் போல் ஏறத்தாழ 14 மடங்காகி, பூமத்திய கோடு தீவின் தென்பகுதியை ஊடறுத்துச் செல்கின்றது. மறுபுறத்திலே, குமரிமுனை நோக்கித் தெற்கே இறங்க வேண்டிய இந்தியக் குடாநாடு, கிழக்கு நோக்கி ஓடும் தட்டையான கரையாகக் காட்சியளிக்கின்றது. பூமியின் சுற்றளவைக் குறைவாகக் கொண்டமையும், மாலுமிகள் பயண நாட்களால் கூறிய தூரத்தைப் பாகைகளாக மாற்ற முயன்றமையும் இப்பிழைகளுக்குக் காரணங்களாயின. முத்தும் மணியும் யானையும் ஈந்த தீவு வணிகர் பேச்சிலே பெரிதாகியிருத்தலும் இயல்பே.

அளவு பிழைத்தாலும் பெயர்கள் முற்றாகப் பிழைத்தில. அனுரோகிராம்மன் எனத் தொலமி குறிக்கும் அரச நகர் அனுராதபுரமே என்பதில் ஐயமில்லை. கங்கை என அவர் கூறும் ஆறு மகாவலியாகக் கொள்ளப்படுகின்றது. மலாயா எனும் மலைத்தொடரையும் அதன் அடிவாரத்திலே யானைகள் மேயும் நிலத்தையும் அவர் குறிப்பது, தமிழ் வாசகரை ஒரு கணம் நிறுத்தி வைக்கும். நாகதீப என்ற பெயரும் அவர் பட்டியலில் உண்டு. ஏறத்தாழ அதே காலப் பகுதியைச் சார்ந்த வல்லிபுரப் பொன்னேட்டிலே அப்பெயர் காணப்படுதலால், அலெக்சாந்திரியாவில் இருந்த ஓர் அறிஞருக்கு நம் வடபாலின் பெயர் எட்டியிருந்தது எனத் துணிந்து கூறலாம். ஆனால் அதற்கப்பால் செல்லுமிடத்தே எச்சரிக்கை வேண்டும். மொதுத்து எனும் வணிகத் துறையை ஒருவர் வடகிழக்குக் கரையிலே தேட, மற்றொருவர் மாந்தையிலே காண்பர். ஒலி ஒப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு தத்தம் ஊரைத் தொலமியின் படத்தில் ஏற்றிவிடும் ஆர்வம் நம்மிடையே குறைந்ததன்று. திரிபடைந்த கிரேக்கப் பெயருக்கும் இன்றைய ஊர்ப்பெயருக்கும் இடையே மட்பாண்டமோ நாணயமோ சாசனமோ சான்றாக நில்லாதவிடத்து, அத்தகைய ஒப்பீடுகளை ஊகம் என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளல் நன்று.

தப்ரபேனின் பிற்கால வரலாறு இன்னும் விநோதமானது. பதினைந்தாம் நூற்றாண்டிலே கீழைத்தேயம் சென்று மீண்ட நிக்கொலோ கொன்ரி எனும் வெனிசிய வணிகர் அப்பெயரைச் சுமாத்திராவுக்கு இட்டார். 1450ஆம் ஆண்டளவில் வெனிசிலே பிரா மௌரோ என்ற துறவி வரைந்த பேருலகப் படமும் அதனையே பின்பற்றியது. தொலமி தப்ரபேனை எழுதப் புகுந்து சைலம் எனும் தீவையே எழுதிவிட்டார் எனும் கருத்துப்பட ஒரு குறிப்பையும் அத்துறவி தம் படத்திலே எழுதிவைத்தார். பெயர் ஓரிடத்தும் தீவு வேறிடத்துமாக அலைந்த இக்குழப்பம், போர்த்துக்கேயர் கொழும்புத் துறையை அடைந்த பின்னரும் உடனே தீர்ந்திலது. செபஸ்தியன் மூன்ஸ்ரர் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளியிட்ட படமொன்று, பெரியதோர் யானையின் உருவத்தோடு, தப்ரபேனைச் சுமாத்திராவெனவே கூறிற்று.

இவ்விடத்திலே சேகரிப்பாளரும் ஆய்வாளரும் ஒருங்கே அறிந்திருக்க வேண்டிய உண்மையொன்று உண்டு. படம் அச்சான ஆண்டு வேறு. படத்திலுள்ள செய்தியின் ஆண்டு வேறு. மேர்க்காற்றர் தொலமியின் நூலுக்காக 1578இல் செதுக்குவித்த செப்புத்தகடுகள் 1730 வரை மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டன. யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தர் ஆட்சி எழுபதாண்டுகளைக் கடந்துவிட்ட காலத்திலும், பூமத்திய கோட்டின்மேற் கிடந்த தப்ரபேன் ஐரோப்பாவிலே புதுத்தாளில் வெளிவந்துகொண்டிருந்தது. பழங்காலத்தவர் உலகை எவ்வாறு கண்டனர் என்பதைக் காட்டுவதற்காகவே அவை அச்சிடப்பட்டன என்பது மெய்தான். ஆயினும், செப்புத்தகடு விலையுயர்ந்த சொத்து. ஒரு பதிப்பாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும். புதிய உரிமையாளர் மூலையிலுள்ள பெயரைச் சுரண்டித் தம் பெயரைப் பொறித்து மீண்டும் அச்சிடுவார். பழைய பிழை புதிய ஆண்டைச் சூடிக்கொண்டு வெளிவருவது இவ்வாறே.

போர்த்துக்கேயரின் கரையோர அறிவை ஐரோப்பியப் பொதுவாசகருக்கு வழங்கிய படங்களுள் குறிப்பிடத்தக்கது, 1606இல் ஹொண்டியஸ் வெளியிட்ட மேர்க்காற்றரின் தேசப்படத் தொகுதியில் இடம்பெற்றதாகும். தீவு ஏறக்குறைய தன் உண்மை இடத்தையும் அளவையும் அதிலே பெற்றுவிட்டது. ஆனால் அதன் தலைப்பு, இந்நாட்டவர் தம் நாட்டைத் தெனாரிசின் என அழைப்பர் எனக் கூறுகின்றது. சிங்களவரோ தமிழரோ தம் நாட்டை அவ்வாறு அழைத்ததாக எந்நூலும் கூறவில்லை. ஆயினும் அப்பெயர் தொடர்ந்து வந்த பல படங்களில் இடம்பிடித்துக்கொண்டது! படவரைஞர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒல்லாந்தர் காலத்துக்கு வருமிடத்து நமது ஊர்கள் படத்திலே தெளிவுறத் தொடங்குகின்றன. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்தபோது ஒல்லாந்தப் படையோடு வந்து, 1665 வரை இங்கே சமயப் பணியாற்றிய பிலிப்பு பல்தேயஸ் பாதிரியாரின் நூல் 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியாயிற்று. அதிலுள்ள யாழ்ப்பாணப்பட்டினத்துப் படம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, பச்சிலைப்பள்ளி எனும் பிரிவுகளோடு தீவுகளையும் காட்டுகின்றது. தீவுகளின் பெயர்களை நோக்குக. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று, வேலணை லெய்டன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொற்றர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். ஒல்லாந்தின் நகரங்களை வரிசையாக எடுத்துப் பாக்குநீரிணையிலே வைத்தாற்போன்ற இப்படம் ஓர் உரிமைப் பத்திரம். பெயரிடுவதற்குரிய அதிகாரம் தமக்கு உண்டு என்பதையே அது தாய்நாட்டு வாசகருக்கு அறிவித்தது. அக்காலத்து வேலணை உழவனோ நயினாதீவுக் கடற்றொழிலாளியோ தாம் லெய்டனிலும் ஹார்லெமிலும் வாழ்வதாக ஒருபோதும் எண்ணியிரார். ஒல்லாந்தர் போன பின்னர் அப்பெயர்களும் போயின. டெல்வ்ற் ஒன்றே எஞ்சியது. ஊர்காவற்றுறைக்கு வழங்கும் கயிற்ஸ் எனும் பெயரும் பருத்தித்துறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அதற்கு முற்பட்ட போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை: முன்னது இறங்குதுறை எனவும், பின்னது கற்களையுடைய முனை எனவும் பொருள்படும் சொற்களின் சிதைவு.

பெயர்களுள் எனக்கு மிகவும் சிந்தனையைத் தந்தது ஹமன்ஹீல் என்பதாகும். காரைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர் நடுவில் நிற்கும் இக்கடற்கோட்டையின் பெயருக்குப் பன்றித்தொடையின் குதிகால் என்பது பொருள். இலங்கைத் தீவு உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை வடிவினது என்றும், அதன் குதிப்பகுதியிலே இக்கோட்டை அமைந்துள்ளது என்றும் ஒல்லாந்தர் கருதினர். கோட்டை மதிலின் மேல் நின்று பார்க்கும் எவர்க்கும் அவ்வடிவம் புலப்படாது. கடலும் மணற்றிடலுமே புலப்படும். முழுத் தீவையும் தாளிலே ஒருங்கு கண்டவர் மனத்தில்தான் அப்பெயர் தோன்றியிருத்தல் கூடும். எனவே படத்திலிருந்து பிறந்து நிலத்தில் வந்து தங்கிய பெயர் இது.

அச்சில் வந்த படங்களைக் கொண்டு ஒல்லாந்தரின் முழு அறிவையும் அளவிடல் தவறாகும். கிழக்கிந்தியக் கம்பனி தன் கடற்படங்களையும் நில அளவைப் படங்களையும் கையெழுத்துப் பிரதிகளாகவே பேணிப் போட்டியாளர் கண்ணிற்படாது காத்தது. கம்பனியின் படவரைஞராக 1633இல் அமர்ந்த வில்லெம் பிளாவும், அவருக்குப் பின் 1638இல் அப்பதவியேற்ற மகன் யோவானும், ஒருபுறம் அப்படங்களைக் காத்துக்கொண்டே மறுபுறம் பொதுமக்களுக்கான தொகுதிகளை விற்றனர் என்பது சுவையான செய்தி. ஆசியக் கடற்படங்களைக் கொண்ட வன் கோய்லனின் தொகுதி 1753இலேயே அச்சில் வெளிவந்தது. அம்போன் தீவிலே மதகுருவாகப் பணியாற்றிய வலன்ரைன் 1724க்கும் 1726க்கும் இடையில் வெளியிட்ட பெருநூலும் இலங்கைப் படமொன்றைக் கொண்டுள்ளது. அந்நூலின் இலங்கைப் பகுதியைப் பேராசிரியர் சி. அரசரத்தினம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1978இல் வெளியிட்டமையை இங்கு நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

இனி, நம்மிடையே அதிகம் மேற்கோள் காட்டப்படும் படத்துக்கு வருவோம். 1681இல் இலண்டனில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலில் உள்ள படத்திலே, தீவின் வடபகுதி கயிலாய வன்னியனின் நாடாகவும் ‘மலபார்’ மக்கள் வாழிடமாகவும் குறிக்கப்பட்டுள்ளது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே வழங்கினர். அரசியல் மேடைகளிலே இப்படம் பலமுறை உயர்த்திக் காட்டப்பட்டுள்ளது. மறுதரப்பினர் சிறைக்கைதி ஒருவனின் கற்பனையென அதனைப் புறந்தள்ளியும் உள்ளனர். இருதரப்பாரும் நொக்ஸ் எதைக் கண்டார், எதைக் கேட்டார் எனப் பிரித்து நோக்கியதாகத் தெரியவில்லை.

நொக்ஸ் 1660இல் கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தவர். தொப்பி பின்னி விற்றும் சிறுபண்டங்களைச் சுமந்து திரிந்தும் மலைநாட்டின் வழிகளைத் தம் கால்களால் அறிந்தவர். அப்பகுதி பற்றிய அவர் படத்தின் சான்று வலியது. வடக்கையோ அவர் ஒரே ஒருமுறை, 1679இல், அனுராதபுரத்தின் அருகே மல்வத்து ஓயாவைத் தொடர்ந்து காட்டினூடே ஒளிந்து ஒளிந்து அரிப்புக் கோட்டை சேர்ந்தபோதே கண்டார். எவரேனும் எதிர்ப்பட்டால் மீண்டும் கண்டியரசனிடம் கையளிக்கப்படுவோம் என்ற அச்சத்தோடு சென்றவர் எல்லைகளை அளந்திருக்க முடியாது. ஆகவே அவர் படத்திலுள்ள கோட்டை எல்லைக்கோடாகக் கொண்டு மைல் கணக்குப் பார்த்தல் பொருந்தாது. அதே வேளையில், கண்டியரசனின் ஆணை செல்லாத, தமிழ் பேசும் மக்கள் வாழ்ந்த, வன்னியன் ஒருவனின் ஆட்சிக்குட்பட்ட நாடு அங்கே இருந்தது என்பதை அவர் நேரிலும் கேள்வியாலும் அறிந்திருந்தார். கயிலாய வன்னியன் ஒல்லாந்தப் பதிவுகளிலும் இடம்பெறுபவன். ஒன்றையொன்று பார்த்தெழுதாத இரு சான்றுகள் ஒரே பெயரைக் கூறும்போது அதனைக் கற்பனை என ஒதுக்குவதற்கு இடமில்லை. படம் சொல்லாததை அதன் வாயில் திணிப்பதும், சொல்வதைக் கேளாதிருப்பதும் ஆராய்ச்சியாகாது.

இத்தகைய ஆய்வுக்கு மூலப்படத்தையே கையிலெடுத்துப் பார்க்க வேண்டிய தேவை எங்கே வருகின்றது எனச் சிலர் வினவலாம். ஐரோப்பிய நூலகங்கள் பலவும் தம் படங்களை இலக்கமுறை நிழற்படங்களாக வழங்கும் இக்காலத்தில் அவ்வினா நியாயமானதே. பெயர்களைப் படிப்பதற்கு நிழற்படம் போதும். பதிப்பை அறிவதற்குப் போதாது. செப்புத்தகட்டால் அச்சிட்ட படத்தைச் சுற்றி, ஈரத்தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் இருக்கும். விரலால் தடவினால் அது புலப்படும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காகிதம் செய்தவரின் நீர்க்குறியும், அச்சுக்கம்பிகளின் கோடுகளும் தோன்றும். கம்பிக்கோடற்ற மிருதுவான தாள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கிலாந்தில் வழக்கிற்கு வந்ததாதலின், அத்தகைய தாளில் உள்ள ‘1606ஆம் ஆண்டுப் படம்’ பின்னாளைய மறுபதிப்பு எனக் கொள்ளலாம். தொகுதியிலிருந்து பிரிக்கப்பட்ட படத்தின் பின்புறத்திலே இலத்தீன், பிரெஞ்சு, ஒல்லாந்து அல்லது ஜெர்மன் மொழியில் விவரணம் அச்சிடப்பட்டிருக்கும். எம்மொழி, வரிகள் எவ்வாறு முறிகின்றன, பக்க எண் யாது என்பனவற்றால் பதிப்பாண்டை நிர்ணயிக்கலாம். செப்புக் களிம்பிற் செய்த பச்சை வர்ணம் நாளடைவில் தாளை அரித்துப் பின்புறத்திலே கபில நிறமாகத் தோன்றும். பின்புறம் வெண்மையாகவும் முன்புறம் பசுமையாகவும் இருப்பின் வர்ணம் அண்மையில் தீட்டப்பட்டதோ என ஐயுறல் வேண்டும்.

பின்புற விவரணம் பற்றிக் கூறும்போதே ஒரு வேதனையான உண்மையும் வெளிப்படுகின்றது. சந்தையில் விலைக்கு வரும் ஒற்றைப் படங்களுட் பெரும்பாலானவை ஒரு காலத்திலே கட்டிய நூலின் பக்கங்களாக இருந்தவை. முழுத்தொகுதியை விற்பதிலும் அதனைக் கத்தியால் பிரித்துத் தனித்தனித் தாளாக விற்பதில் இலாபம் அதிகம். நூலக ஏடுகளிலிருந்து படங்களைக் களவாக வெட்டியெடுப்பாரும் உளர். 2005இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் கைதான தேசப்பட வணிகர் ஒருவர், பல நூலகங்களிலிருந்து 97 படங்களைக் கவர்ந்ததாக ஒப்புக்கொண்டார். சேகரிப்பாளரின் ஆர்வமே நூல்களைக் காப்பாற்றியதும் உண்டு. சுவீடிய புவியியலறிஞர் நோர்டென்ஷெல்ட் திரட்டிய தொகுதி ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றது. அதே ஆர்வம் நூல்களைச் சிதைத்ததும் உண்டு.

நம் நாட்டில் வெட்டுக் கத்தியினும் கொடியன வேறு உள. வெப்பமும் ஈரமும் இராமபாணப் பூச்சியும் கறையானும் தத்தம் பங்கைச் செய்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதும், தொடர்ந்த போர்க்காலத்தில் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த பத்திரங்கள் அழிந்ததும் நாமெல்லாம் அறிந்ததே. பல்தேயஸின் படம் அச்சிட்ட படமாதலால் அதன் பிரதிகள் உலகின் பல நூலகங்களில் உள்ளன. கையால் வரைந்த காணிப்படம் ஒன்றே ஒன்று. அது போனால் போனதுதான். இலண்டனுக்கும் ஹேக் நகருக்கும் எழுதிப் பயனில்லை. இலங்கையில் பழைய படங்களைச் சேகரிக்க விரும்புவோர் பொன்விளிம்பிட்ட பிளாவின் தாளை நாடுவதிலும், தம் ஊரின் அறுதியுறுதிகளோடு மடித்து வைக்கப்பட்ட பழைய நில அளவைப் படங்களைத் தேடுவது சாலச் சிறந்தது என்பது என் கருத்து. அவற்றுக்குச் சந்தை விலை இல்லை. ஆதலால் அவற்றைக் காப்பாரும் இல்லை.

ஆங்கிலேயர் 1800 ஆகத்து 2இல் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். 1822இல் ஸ்னைடரின் படமும் 1862இல் பிறேசரின் படமும் வெளிவந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் 72 தாள்கள் நாடு முழுவதையும் அடக்கின. திணைக்களத்திலிருந்த ஒல்லாந்தர் காலப் படங்களுக்கு ஆர். எல். புறோகியர், போலஸ் ஆகிய இருவரும் தொகுத்த விவரணப் பட்டியல் 1951இல் வெளியாயிற்று. பழந் தேசப்பட ஆய்வில் ஈடுபட விழையும் மாணவர் முதலிற் கையிலெடுக்க வேண்டிய நூல் அதுவே. பழைய நீர்ப்பாசன வேலைகள் பற்றிப் புறோகியர் எழுதிய நூல்களும் படத்தையும் நிலத்தையும் மாறிமாறிப் பார்த்த ஒருவரின் நூல்களாகும்.

அவ்வங்குலத் தாள்களிலே வன்னிப் பகுதியை விரித்துப் பார்ப்பவர் வியப்படைவர். குளம், மோட்டை, முறிப்பு, தாழ்வு என முடியும் பெயர்கள் காட்டினிடையே செறிந்து கிடக்கின்றன. கைவிடப்பட்ட சிறுகுளங்களின் அணைகள் வளைகோடுகளாகவும், அவற்றை இணைத்த ஒற்றையடிப் பாதைகள் புள்ளிக் கோடுகளாகவும் காணப்படுகின்றன. பின்வந்த 1:50,000 அளவுத்திட்டத்து 92 தாள்கள் அவற்றின் இடத்தைப் பெற்றுவிட்டன. புதிய தாள் வந்ததும் பழையதைக் கழிப்பதே அலுவலக வழக்கம். போரிலே இடம்பெயர்ந்து ஆண்டுகள் பல கழித்து மீண்ட மக்கள், காடுமூடிய நிலத்திலே தம் குளத்தின் கட்டு எவ்விடத்தில் இருந்தது, அதன் பெயர் யாது எனத் தேடும் நிலை வன்னியிலே ஏற்பட்டுள்ளது. முதியோர் நினைவும் இப்பழைய தாளுமே அதற்கு விடை கூற வல்லன. முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். தாள்களைத் தேடியெடுத்து, ஒவ்வொரு பெயரையும் ஒல்லாந்தர் காலத் தோம்புகளில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டு, ஊர்தோறும் சென்று கேட்டு எழுதும் பணிக்கு ஒரு மாவட்டத்துக்கு இரு மாணவரும் ஒரு விடுமுறைக் காலமும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.